கரிமச் சேர்மங்களின் பெயரும் நம் பகுபத இலக்கணமும்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். "கரிமச் சேர்மங்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய எளிய வழி ஏதாவது இருக்கிறதா?" என்று தொடங்கியிருக்கிறீர்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்ததையும், இப்போது ப்ளஸ் ஒன்னில் எல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதையும் சொல்லிவிட்டு, "தமிழில் படித்ததுதான் என் குறையோ?" என்று முடித்திருக்கிறீர்கள். ஒரு மூலக்கூறின் படத்தைப் பார்த்ததும் அதற்குப் பெயர் எங்கிருந்து வருகிறது, பெயரைக் கேட்டதும் படத்தை எப்படி வரைவது என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். கூடவே தமிழ்வழி ஒரு சுமையோ என்ற கவலை. கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சுமை இல்லை. இரண்டே இடங்களில் தமிழ் எழுத்து காலை வாரிவிடும். அவற்றை உரிய இடத்தில் காட்டுகிறேன். மற்றபடி, உங்கள் தமிழாசிரியர் எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஒரு பாடம் இங்கே நேராகக் கைகொடுக்கும்.

அதே பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் 24 ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என் மாணவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலவே தமிழ்வழியில் வந்தவர்கள். நான் பள்ளியில் படித்தபோது எங்களுக்கு ஒரு நீண்ட பட்டியலைத் தந்து, மறுநாள் ஒப்பிக்கச் சொன்னார்கள். ஒப்பித்தேன், தேர்வில் பட்டியலில் இல்லாத ஒரு படம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. மனப்பாடம் இந்தப் பாடத்தில் ஏன் தோற்கும் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். நான்கு கார்பன் கொண்ட பியூட்டேனுக்கு இரண்டு மாற்றியங்கள்தான், அதாவது அதே அணுக்கள் வேறு விதமாக இணைந்த வடிவங்கள். ஐந்து கார்பனுக்கு மூன்று, ஆறுக்கு ஐந்து, ஏழுக்கு ஒன்பது, எட்டுக்கு 18. பத்து கார்பன் வந்தால் 75. இருபது கார்பன் என்றால் 3,66,319. இவை வெறும் ஒற்றைப் பிணைப்பு ஹைட்ரோகார்பன்கள் மட்டும். ஆக்சிஜனோ நைட்ரஜனோ இன்னும் உள்ளே வரவே இல்லை. இத்தனைக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும், ஒரு பெயர் ஒரே ஒரு படத்தை மட்டும் குறிக்க வேண்டும். அதனால்தான் 1892-இல் ஜெனீவாவில் வேதியியலாளர்கள் கூடி, பெயர் வைப்பதற்கென்று விதிகளை வகுத்தார்கள். 1919-இல் தோன்றிய ஐ.யூ.பி.ஏ.சி. என்ற பன்னாட்டு அமைப்பு அந்த வேலையை இன்றுவரை தொடர்ந்து செய்கிறது. ஆகவே இங்கே கற்க வேண்டியது ஒரு சிறிய இலக்கணம்.

அந்த இலக்கணத்தின் வடிவம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். செய்தான் என்ற சொல்லைப் பிரிக்கச் சொன்னால் செய் + த் + ஆன் என்று உடனே எழுதுவீர்கள். செய் பகுதி, த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் விகுதி. செய்வான் என்றால் இடைநிலை மட்டும் மாறுகிறது. செய்தாள் என்றால் விகுதி மட்டும் மாறுகிறது. எத்தனால் என்ற பெயரையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். 'எத்' என்பது பகுதி: இரண்டு கார்பன். அடுத்து வரும் 'அன்' இடைநிலை: கார்பன்களுக்கு இடையே எல்லாம் ஒற்றைப் பிணைப்பு. கடைசியில் வரும் 'ஆல்' விகுதி: ஓர் ஓ.எச். தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) ஒட்டியிருக்கிறது. பகுதி எண்ணிக்கையைச் சொல்கிறது, இடைநிலை பிணைப்பைச் சொல்கிறது, விகுதி அந்தச் சேர்மம் எந்தக் குடும்பம் என்று சொல்கிறது. பகுதிக்கு முன்னால், சங்கிலியிலிருந்து பிரியும் கிளைகளின் பெயர்கள் வரும்: ஒரு கார்பன் கிளை மெத்தில், இரண்டு கார்பன் கிளை எத்தில். எளிய சேர்மங்களின் பெயரிடுதல் முழுவதும் இந்த நான்கு உறுப்புகளுக்குள் அடங்கிவிடும்.

புணர்ச்சி விதிகூட உண்டு. மாடு + அல்ல என்பது மாடல்ல ஆகிறது. உயிரெழுத்து வந்ததும் உகரம் விலகிக்கொள்கிறது. மாடு + பெரிது என்றால் உகரம் அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் ஈத்தேன் என்று எழுதும்போது சொல்லின் கடைசியில் ஓர் 'இ' எழுத்து இருக்கிறதல்லவா, அதற்கும் இதே குணம்தான். 'ஆல்' என்ற விகுதி உயிரில் தொடங்குவதால் அந்த 'இ' விழுந்துவிடும். இரண்டு ஓ.எச். தொகுதிகள் இருந்து 'டையால்' என்று மெய்யில் தொடங்கினால் 'இ' விழாது. ஈத்தேன்-1,2-டையால் என்று முழுதாக நிற்கும். இதைத் தனி விதியாக மனப்பாடம் செய்து மறந்துபோன மாணவர்கள், மாடல்ல என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்த பிறகு தவறியதே இல்லை.

பகுதிகளில் பத்தை மட்டும் கட்டாயம் நெட்டுருப் போட வேண்டும், அதிலிருந்து தப்பிக்க முடியாது: மெத், எத், புரப், பியூட், பென்ட், ஹெக்ஸ், ஹெப்ட், ஆக்ட், நோன், டெக். ஐந்திலிருந்து மேலே போகிறவை எண்ணுப்பெயர்கள். நோன் மட்டும் லத்தீன், மற்றவை கிரேக்கம். முதல் நான்கும் எண்களே இல்லை என்பதால்தான் குழப்பம். அவை பழைய பொருள்களின் பெயரிலிருந்து வந்தவை. மரத்தைக் காய்ச்சி வடித்து எடுத்த சாராயத்திலிருந்து 'மெத்' வந்தது. மது, மரம் என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் அதற்குள் இருக்கின்றன. 'எத்' ஈதரிலிருந்து வந்தது. 'புரப்' என்பதற்கு முதல் கொழுப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொற்கள் மூலம். 'பியூட்' வெண்ணெயின் லத்தீன் பெயர். காறிப்போன வெண்ணெயில் மூக்கைச் சுளிக்கவைக்கும் அந்த நெடி நான்கு கார்பன் கொண்ட பியூட்டனாயிக் அமிலத்துடையது. வெண்ணெய் காறினால் நான்கு என்று ஒரு முறை நினைத்துக்கொண்டால் பியூட்டேன் மறக்காது.

இடைநிலை இன்னும் எளிது. இங்கேதான் தமிழ்வழி மாணவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் என்று நம் பாடநூல் எழுதுகிறது. ஏ, ஈ, ஐ. ஒற்றைப் பிணைப்பு ஏ, இரட்டைப் பிணைப்பு ஈ, முப்பிணைப்பு ஐ. ஹைட்ரஜன் குறையக் குறைய உயிரெழுத்தை மாற்றிக்கொண்டே போகலாம் என்ற யோசனையை 1866-இல் ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் முன்வைத்தார். அவர் ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தையும் வரிசையாகப் பயன்படுத்தப் பார்த்தார். அந்த எண்ணத்தின் மிச்சம்தான் நாம் இன்று சொல்லும் ஏன், ஈன், ஐன். ஆங்கில உச்சரிப்பில் ஈத்தேனும் ஈத்தீனும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்டு மாணவர்கள் தடுமாறுவதைப் பார்க்கிறேன். உங்களுக்குக் கண்ணுக்கு நேராக ஏகாரமும் ஈகாரமும் தெரிகின்றன.

அடுத்தது முதன்மைச் சங்கிலியும், அதாவது மூலக்கூறில் தொடர்ந்து செல்லும் மிக நீளமான கார்பன் வரிசையும், அதற்கு எண்ணிடுதலும். பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் 3-மெத்தில்பியூட்டேன் என்று எழுதி, அது ஏன் தவறு என்று புரியாமல் மாலையில் வீட்டுக்கே வந்துவிட்டான். திண்ணையில் துடைப்பத்திலிருந்து நாலைந்து ஈர்க்குச்சிகளை உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்துக் கொடுத்தேன். சமையலறையிலிருந்து சப்பாத்தி மாவு கொஞ்சம் வந்தது, ஐந்து உருண்டைகள். நான்கை வரிசையாகக் கோத்து, ஐந்தாவதை மூன்றாம் உருண்டையின் மேல் குத்தினான். "இப்போது இதற்குப் பெயர் சொல்" என்றேன். "3-மெத்தில்பியூட்டேன் சார்." ஒன்றும் பேசாமல் அதை எடுத்து எதிர்ப்பக்கம் திருப்பித் தரையில் வைத்தேன். சற்று நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "திருப்பிப் போட்டால் இரண்டாவதில் வந்துவிடுகிறது. பொருள் அதேதான் சார்" என்றான். அவ்வளவுதான் விதி. மூலக்கூறுக்கு இடம் வலம் தெரியாது, நாம்தான் தாளில் ஒரு பக்கத்திலிருந்து வரைகிறோம். ஆகவே கிளைக்குச் சிறிய எண் கிடைக்கும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும், பெயர் 2-மெத்தில்பியூட்டேன். உங்கள் வீட்டிலும் ஈர்க்குச்சி இருக்கும். முதல் வாரம் தாளில் எழுதுவதற்கு முன் கையால் செய்து பாருங்கள்.

அதே குச்சிகளை வைத்து இன்னொன்றையும் அன்று செய்து காட்டினேன். தாளில் நேர்கோடாக ஐந்து கார்பன்களும், இரண்டாம் கார்பனிலிருந்து கீழே தொங்கும் இரண்டு கார்பன்களும் இருந்தால், மாணவர்கள் 2-எத்தில்பென்டேன் என்று எழுதிவிடுவார்கள். தொங்குவதும் சங்கிலிதான். கீழ் நுனியிலிருந்து ஏறி இரண்டாம் கார்பன் வழியாக வலப்பக்கம் போனால் ஆறு கார்பன் வருகிறது. சரியான பெயர் 3-மெத்தில்ஹெக்சேன். வேலந்தாவளத்திலிருந்து சித்தூருக்குப் பஸ் எந்த வளைவில் திரும்பினாலும் அது ஒரே வழித்தடம்தான் என்பதுபோல, சங்கிலி வளைந்தாலும் ஒரே சங்கிலிதான். "எத்தில் இரண்டாம் இடத்தில்" என்று எழுத நேர்ந்தால் உடனே சந்தேகப்படுங்கள். இரண்டாம் கார்பனில் எத்தில் கிளை தொங்கினால், அதைவிட நீளமான சங்கிலி ஒன்று நிச்சயம் ஒளிந்திருக்கிறது. இது நிறைவுற்ற திறந்த சங்கிலி ஹைட்ரோகார்பன்களுக்கு விதிவிலக்கில்லாமல் பொருந்தும்.

பல கிளைகள் இருந்தால், கிளை எண்களின் கூட்டுத்தொகை குறைவாக வரும் பக்கத்திலிருந்து எண்ணு என்று சில வழிகாட்டி நூல்களும் சில வகுப்புகளும் சொல்கின்றன. அது தவறு, பல படங்களில் தற்செயலாகச் சரியான விடை தந்துவிடுவதால் பிழைத்துக்கொண்டிருக்கிறது. சரியான விதி, இரண்டு பக்க எண்வரிசைகளையும் அருகருகே வைத்து, முதன்முதலில் வேறுபடும் இடத்தில் எது சிறியதோ அதை எடுப்பது. பத்து கார்பன் சங்கிலியில் ஒரு பக்கத்திலிருந்து 2, 7, 8 என்றும் மறுபக்கத்திலிருந்து 3, 4, 9 என்றும் வருகிறது என்று வையுங்கள். கூட்டினால் 17, 16. கூட்டுத்தொகை விதிப்படி இரண்டாவதை எடுப்பீர்கள். ஆனால் முதல் எண்ணிலேயே 2-க்கும் 3-க்கும் போட்டி முடிந்துவிட்டது, பெயர் 2,7,8-ட்ரைமெத்தில்டெக்கேன். அகராதியில் சொற்களை அடுக்கும்போது முதல் எழுத்திலேயே வேறுபட்டால் பின்னால் என்ன வந்தாலும் பார்க்கமாட்டோமே, அதேபோல. பெட்ரோலின் தரத்தை அளக்கும் ஆக்டேன் எண்ணில் 100 என்று வைத்திருப்பது 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேனை. அதை மறுபக்கத்திலிருந்து எண்ணி 2,4,4 என்று ஏன் எழுதக்கூடாது என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

தமிழ் எழுத்து காலை வாரும் முதல் இடம் இனிதான் வருகிறது. வேறுவேறு கிளைகள் இருந்தால் அவற்றை அகரவரிசையில் எழுத வேண்டும் என்று விதி. எந்த அகரவரிசை? ஆங்கில அகரவரிசை. தமிழ்வழியில் வந்தவர்கள் குளோரோவையும் புரோமோவையும் மனத்துக்குள் தமிழில் அடுக்கிவிடுகிறார்கள். ககரம் முன்னால், பகரம் பின்னால். ஆங்கிலத்தில் புரோமோவின் முதல் எழுத்து 'பி', குளோரோவின் முதல் எழுத்து 'சி', ஆகவே வரிசை தலைகீழ். இது வெறும் எழுத்தடுக்கு விஷயமாக நின்றுவிடாது, எண்ணையும் மாற்றிவிடும். நான்கு கார்பன் சங்கிலியில் நடு இரண்டு கார்பன்களில் ஒன்றில் குளோரினும் மற்றதில் புரோமினும் இருந்தால், எந்தப் பக்கம் எண்ணினாலும் 2, 3தான். சமன் வந்தால் அகரவரிசையில் முந்துகிறவருக்குச் சிறிய எண். எனவே 2-புரோமோ-3-குளோரோபியூட்டேன். தமிழ் வரிசையில் யோசித்தால் 2-குளோரோ என்று தவறாகத் தொடங்குவீர்கள். நோட்டின் முதல் பக்கத்தில் புரோமோ, குளோரோ, எத்தில், ஃபுளோரோ, ஐயோடோ, மெத்தில், நைட்ரோ, புரப்பைல் என்று இந்த வரிசையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டை, ட்ரை போன்ற எண்ணிக்கைச் சொற்களை வரிசைக்குக் கணக்கில் எடுக்கக்கூடாது. டைமெத்தில் என்றாலும் மெத்திலின் எழுத்தில்தான் நிற்கும்.

இரண்டாவது இடம் விகுதியில். இதற்கு நம் சித்தூர்த் தென்னந்தோப்பே உதாரணம். காலையில் இறக்கிய பதநீரில் இருப்பது சர்க்கரை. சில மணி நேரத்தில் ஈஸ்ட் அதைப் புளிக்கவைத்துக் கள்ளாக்குகிறது. அதில் இருப்பது எத்தனால். அந்தக் கள்ளை அப்படியே நாள்கணக்கில் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியா அதை வினிகராக்குகிறது. அதில் இருப்பது எத்தனாயிக் அமிலம். நடுவில் எத்தனேல் என்ற ஆல்டிஹைடு ஒரு படியாக வந்து போகிறது. எத்தனால், எத்தனேல், எத்தனாயிக் அமிலம்: பகுதி மாறவில்லை, இரண்டு கார்பனும் இரண்டாகவே இருக்கின்றன. விகுதி மட்டும் ஆல், ஏல், ஆயிக் அமிலம் என்று மாறுகிறது. பானைக்குள் நடந்த வேதிவினையைப் பெயரே சொல்லிவிடுகிறது. இங்கே சிக்கல் என்னவென்றால், ஆல்கஹாலின் விகுதியை ஆங்கிலத்தில் 'ஓ' எழுத்துப் போட்டு எழுதுவார்கள். நாம் அதை 'ஆல்' என்று ஆகாரத்தில் எழுதுகிறோம். ஆல்டிஹைடின் விகுதிக்குத்தான் ஆங்கிலத்தில் 'ஏ' எழுத்து. தமிழ் நினைவிலிருந்து ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் எத்தனாலின் ஆகாரத்தை 'ஏ' எழுத்தாக மாற்றிவிடுகிறார், ஆல்கஹால் அங்கேயே ஆல்டிஹைடு ஆகிவிடுகிறது. விடை தெரிந்தும் மதிப்பெண் போகும் இடம் இது. ஆண்டுதோறும் குறைந்தது பத்து விடைத்தாள்களில் இதைத் திருத்துகிறேன். ஆல்கஹால் என்றால் ஆங்கிலத்தில் 'ஓ' என்று கையெழுத்தாகவே பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு சொல்லின் பகுதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் இங்கேயே சொல்ல விரும்புகிறேன். எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் ஒரு கார்பன்தான் வித்தியாசம். மெத்தனால் உடலுக்குள் போனால் கல்லீரல் அதை மெத்தனேலாகவும் பிறகு மெத்தனாயிக் அமிலமாகவும் மாற்றுகிறது, கள் வினிகராகும் அதே விகுதி வரிசைதான். அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கிக் கண்ணைப் பறிக்கிறது, உயிரையும் பறிக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தப் பாடத்தை நடத்தும்போது அதை நான் விடாமல் சொல்கிறேன். பெயரின் முதல் அசையைக் கவனித்துப் படிக்கும் பழக்கம் தேர்வோடு முடிகிற ஒன்று இல்லை.

விகுதி வந்துவிட்டால் எண்ணிடுதலில் அதற்குத்தான் முதல் மரியாதை. கிளை எங்கே இருந்தாலும், விகுதியைத் தரும் ஓ.எச். போன்ற வினைசெயல் தொகுதிக்குச் சிறிய எண் கிடைக்கும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். நான்கு கார்பன் சங்கிலியில் ஒரு நுனியில் ஓ.எச்., மறுமுனைக்கு முந்தைய கார்பனில் மெத்தில் என்றால் பெயர் 3-மெத்தில்பியூட்டன்-1-ஆல். எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினால் மெத்திலுக்கு 2 கிடைக்குமே என்று ஆசைப்படக்கூடாது. இந்த ஆல்கஹாலையும் எத்தனாயிக் அமிலத்தையும் சேர்த்தால் ஓர் எஸ்டர் கிடைக்கும்: 3-மெத்தில்பியூட்டைல் எத்தனோயேட். பழுத்த வாழைப்பழத்தின் மணத்துக்கு முக்கியக் காரணம் இதுவே. எஸ்டரின் பெயர் இரண்டு சொல். முதல் சொல் ஆல்கஹாலிலிருந்து, இரண்டாம் சொல் அமிலத்திலிருந்து. இரண்டு வினைசெயல் தொகுதிகள் ஒரே மூலக்கூறில் இருந்தால் ஒருவருக்குத்தான் விகுதி கிடைக்கும், மற்றவர் முன்னொட்டாக முன்னால் போய்விட வேண்டும். பள்ளி அளவுக்கு அமிலம், எஸ்டர், அமைடு, நைட்ரைல், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன் என்ற இறங்குவரிசை போதும். தயிரைப் புளிக்கச் செய்யும் லாக்டிக் அமிலத்தில் அமிலத் தொகுதியும் ஓ.எச். தொகுதியும் இருக்கின்றன. அமிலம் மேலே, ஆகவே 2-ஹைட்ராக்சிபுரப்பனாயிக் அமிலம். ஆல் என்று முடிய வேண்டிய ஓ.எச். இங்கே ஹைட்ராக்சி ஆகி முன்னால் நிற்கிறது.

பழைய பெயர்கள் ஏன் இன்னும் இருக்கின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி இந்தக் கேரளப் பக்கம் வந்தால் ஊரில் யாரும் உங்களை ரேஷன் கார்டுப் பெயரால் தேடமாட்டார்கள், வீட்டுப்பேர் என்ன என்றுதான் கேட்பார்கள். வேதிப்பொருள்களுக்கும் வீட்டுப்பேர் உண்டு. ரப்பர்த் தோட்டத்தில் பாலை உறையவைத்து ஷீட் அடிக்க ஊற்றும் ஃபார்மிக் அமிலத்துக்கு எறும்பின் லத்தீன் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது, முதலில் எறும்புகளை வடித்துத்தான் அதை எடுத்தார்கள். முறைப்படி அது மெத்தனாயிக் அமிலம். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். முறைப்பெயர் டோடெக்கனாயிக் அமிலம், அதாவது 12 கார்பன். ஆறு, எட்டு, பத்து கார்பன் அமிலங்களுக்கு லத்தீனில் ஆட்டின் பெயரை ஒட்டிக் கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்று மூன்று பழம்பெயர்கள். வீட்டுப்பேரைக் கேட்டு மூலக்கூறை வரைய முடியாது, முறைப்பெயரைக் கேட்டு வரைய முடியும். ஆனால் கடையில், தோட்டத்தில், ஆய்வகப் புட்டியில் வீட்டுப்பேர்தான் ஒட்டியிருக்கும். ஐ.யூ.பி.ஏ.சி. தன் 2013 பரிந்துரையிலேயே அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம், அசிட்டிலின், டொலுயீன், பீனால் போன்ற சிலவற்றை முதன்மைப் பெயர்களாகவே வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பத்துப் பதினைந்து பழம்பெயர்களை இரண்டு பெயரோடும் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னவற்றில் நீளமான சங்கிலி, முதல் வேறுபாட்டு எண், ஆங்கில அகரவரிசை, விகுதிக்கு முன்னுரிமை ஆகியவை உறுதியானவை. ப்ளஸ் டூ வரை எந்தப் பாடநூலும் இவற்றோடு முரண்படாது. கூட்டுத்தொகை விதி மட்டும் ஏதாவது பழைய கையேட்டில் எட்டிப்பார்க்கலாம், அதை விட்டுவிடுங்கள். வழக்கம் வேறுபடுகிற இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, எண்ணை எங்கே எழுதுவது என்பது. பழைய நூல்கள் 2-பியூட்டனால் என்று எழுதும். 1993 பரிந்துரைக்குப் பிறகு பியூட்டன்-2-ஆல் என்று, எண் தான் குறிக்கும் விகுதிக்குப் பக்கத்திலேயே உட்காருகிறது. இரண்டும் ஒரே பொருள்தான். உங்கள் பாடநூல் எழுதும் விதத்தையே தேர்வில் எழுதுங்கள். மற்றொன்று கொஞ்சம் ஆழமானது. இரட்டைப் பிணைப்பு ஒரு குட்டையான சங்கிலியிலும், அது இல்லாத நீளமான சங்கிலி வேறு பக்கத்திலும் இருந்தால் எதை முதன்மையாக எடுப்பது? இரட்டைப் பிணைப்பு உள்ளதை எடுக்க வேண்டும் என்பது பள்ளி நூல்களின் பழக்கம். அதன்படி ஒரு சேர்மம் 2-எத்தில்ஹெக்ஸ்-1-ஈன் ஆகும். 2013 பரிந்துரை நீளத்துக்கு முதலிடம் தந்துவிட்டது. அதே சேர்மம் அங்கே 3-மெத்திலிடீன்ஹெப்டேன். இணையத்தில் தேடும்போது இரண்டு விடை கிடைத்துக் குழம்பினால் காரணம் இதுதான். தேர்வுக்குப் பாடநூல் வழியே போதும். வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய பெரிய மூலக்கூறுகளுக்கும் மருந்துப் பொருள்களுக்கும் பெயர் வைப்பது என் எல்லைக்கு வெளியே. என் அனுபவம் பள்ளி அளவோடு நிற்கிறது, அதற்கு மேல் பல்கலைக்கழகத்தில் பணிபுரிகிறவர்களைக் கேளுங்கள்.

எத்தனை நாள் ஆகும் என்பதற்கு என் வகுப்புகளில் பார்த்ததை வைத்துத்தான் சொல்ல முடியும், எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்காது. நாள்தோறும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு மூன்று வாரத்தில் கை பழகிவிட்டது. முதல் வாரம் ஈர்க்குச்சியும் கிளைகளும் மட்டும். இரண்டாம் வாரம் இரட்டைப் பிணைப்பும் விகுதிகளும். மூன்றாம் வாரம் தலைகீழாக, பெயரைப் படித்துப் படம் வரைதல். இந்தத் தலைகீழ்ப் பயிற்சியைப் பலர் செய்வதில்லை. என் பார்வையில் கற்றல் பாதிக்கு மேல் அங்கேதான் நடக்கிறது. பெயரைப் பின்னாலிருந்து முன்னால் படியுங்கள். முதலில் விகுதி, பிறகு இடைநிலை, பிறகு பகுதி, கடைசியில் கிளைகள்.

புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தில் தொடங்குங்கள். அதன் பெயர் 2,3-டைஹைட்ராக்சிபியூட்டேன்டையாயிக் அமிலம். டையாயிக் அமிலம்: இரண்டு அமிலத் தொகுதிகள், இரு நுனிகளிலும். 'ஏன்' என்ற இடைநிலை: ஒற்றைப் பிணைப்புகள், அடுத்து வருவது மெய் என்பதால் அந்த 'இ' இங்கே விழாமல் நிற்கிறது. பியூட்: அமிலக் கார்பன்களையும் சேர்த்து நான்கு கார்பன். 2,3-டைஹைட்ராக்சி: நடுவிலுள்ள இரண்டு கார்பன்களிலும் ஒவ்வோர் ஓ.எச். வரைந்து முடித்ததும் ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு பிணைப்பு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மீன்குழம்புக்குப் போடும் குடம்புளியில் வேறு அமிலம் இருக்கிறது, மூன்று அமிலத் தொகுதிகள் கொண்டது. அதற்கு ட்ரைகார்பாக்சிலிக் அமிலம் என்ற வேறொரு விகுதி வரும், அங்கே அமிலக் கார்பன்கள் பகுதியின் எண்ணிக்கையில் சேராது. அதை நான்காம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். புளியை வரைந்து பார்த்துவிட்டு எந்த இடத்தில் கை நின்றது என்று எழுதுங்கள், அங்கிருந்து தொடர்கிறேன்.